அப்பாவின் அஸ்தியை எங்கே கரைப்பது? வீட்டில் ஆளுக்கொரு ஊர் சொல்லும்போது

கேள்வி கேட்டவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அப்பா காலமாகி ஆறு நாள் ஆகிறது. கோவையில் எரிவாயு தகன மேடையில் தகனம் நடந்தது. மறுநாள் எலும்பு பொறுக்கிப் பால் தெளித்து, மண் கலயத்தில் போட்டுத் துணி கட்டிக் கொடுத்தார்கள். கலயம் இப்போது பெரியப்பா தோட்டத்து வேப்பமரத்தில் தொங்குகிறது. அண்ணன் ராமேஸ்வரம் என்கிறார். தம்பி ஜெர்மனியில் இருக்கிறார். லீவு கிடைக்காததால் சாவுக்கே வர முடியவில்லை. "டிசம்பரில் வருகிறேன், அதுவரை வையுங்கள்" என்கிறார். அம்மாவோ கொஞ்சம் வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறார். அப்பா உயிரோடு இருக்கும்போது, "என்னை நம்ம கொடுமுடியிலயே விட்டுருங்க, இல்லாட்டி கிணத்து மேட்டுத் தென்னைக்குப் போட்டுருங்க" என்று பாதி விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். உறவுக்காரர்கள் பத்து நாளுக்குள் கரைத்தாக வேண்டும் என்று நெருக்குகிறார்கள். மகளான தனக்கு இதில் பேச இடம் உண்டா என்றும் கேட்டிருக்கிறார்.

என் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கலயத்தில் இருப்பதில் பெரும்பகுதியைக் கருமாதிக்கு முன்பே காவிரிக்கரைக் கொடுமுடியில் விட்டுவிடுங்கள். தம்பிக்காக ஒரு சிறு பங்கை எடுத்து வையுங்கள். அவர் வரும்போது அண்ணனும் அவரும் சேர்ந்து அதை ராமேஸ்வரம் கொண்டு போகட்டும். தென்னைக்கு ஒரு கைப்பிடி போதும். அம்மாவுக்கு ஒரு சிமிழ் கொடுக்கலாம், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இதில் எது சரிப்படவில்லையோ அதை மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் ஒரே ஊரில் ஒரே நாளில் கரைத்தாக வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுச் சண்டை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிரிக்கலாமா என்று உடனே யாராவது கேட்பார்கள். நம் வழக்கமே பிரிப்பதுதான். மயானத்தில் பாதத்தில் தொடங்கித் தலை வரை எலும்புகளைப் பொறுக்கிக் கலயத்தில் போடுகிறோம். மீதிச் சாம்பலைப் பெரும்பாலும் அங்கேயே பக்கத்து நீர்நிலையில் விட்டுவிடுகிறார்கள், அல்லது குழி வெட்டி மூடி நவதானியம் தூவுகிறார்கள். அப்பாவின் ஒரு பகுதி ஏற்கெனவே கோவை மண்ணில் சேர்ந்தாயிற்று. நேரு 1954-ல் எழுதிய உயிலில், தன் அஸ்தியில் ஒரு கைப்பிடியை அலகாபாத்தில் கங்கையில் விடவும், பெரும்பகுதியை விமானத்தில் கொண்டுபோய் உழவர்கள் பாடுபடும் வயல்களின் மேல் தூவவும் கேட்டிருந்தார். 1964-ல் அப்படியே செய்தார்கள். 2018-ல் வாஜ்பாயியின் அஸ்தி ஹரித்துவாரில் கரைக்கப்பட்டது, அப்புறம் கலசங்களாகப் பல மாநிலங்களுக்கும் போனது, தமிழ்நாட்டுக்கும் வந்தது. அவருக்குக் கொள்ளி வைத்தது வளர்ப்பு மகள், ஹரித்துவாரில் கரைத்ததும் அவர்தான். பேச இடம் உண்டா என்ற கேள்விக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் கொள்ளி வைத்தார் என்பதால் கலயம் அவர் பெயருக்குப் பட்டா ஆகிவிடாது.

எல்லா மதத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை 1963-லேயே தகனத்தை அனுமதித்துவிட்டது. ஆனாலும் சாம்பலைத் தூவக்கூடாது, பங்கிடக்கூடாது, வீட்டில் வைக்கக்கூடாது என்று 2016-ல் திட்டமாகச் சொன்னது. 2023 கடைசியில், இறந்தவருக்கு முக்கியமாக இருந்த ஓர் இடத்தில் மிகச் சிறு பகுதியை வைக்கலாம் என்று கொஞ்சம் தளர்த்தியது. சம்பந்தி வீட்டார் யாராவது கத்தோலிக்கராக இருந்து முகம் சுளித்தால் காரணம் இதுதான், உங்கள் மேல் உள்ள மனத்தாங்கல் இல்லை.

அடுத்தது ஊர். அண்ணன் ராமேஸ்வரம் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் ராமேஸ்வரம் போகாவிட்டால் அப்பாவுக்கு ஏதோ குறை வந்துவிடும் என்று அவர் கவலைப்பட்டால், நம் ஊர்த் தலபுராணங்களே அவரைத் தேற்றிவிடும். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பேரூரில், நொய்யலில் இட்ட எலும்பு வெள்ளைக் கல்லாகும் என்பது அந்தத் தலத்தின் அதிசயங்களில் ஒன்று. விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் விட்டது கூழாங்கல்லாகித் தங்கிவிடும் என்பார்கள், காசியைவிட வீசம் (பதினாறில் ஒரு பங்கு) அதிகம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். வைகைக்கரைத் திருப்புவனத்தில் அஸ்தி பூவாகவே மாறியதாகக் கதை. பவானி கூடுதுறையில் காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கூடுவதால் அது தென்னாட்டுத் திரிவேணி. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அம்மா மண்டபம், நெல்லைக்காரர்களுக்குப் பாபநாசம், கடல் வேண்டும் என்பவர்களுக்குப் பூம்புகாரும் வேதாரண்யமும் கன்னியாகுமரியும். காசிக்குப் போக முடியாத சனங்களுக்காக ஒவ்வொரு ஆற்றங்கரையும் தனக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறது. அந்தக் கதைகளை நம்புகிறவருக்கு அவை போதும். நம்பாதவருக்கு எந்த ஊரும் ஒன்றுதான், வண்டிச் செலவு குறைந்த ஊருக்குப் போகலாம்.

எனக்குக் கொடுமுடி சரியாகப் படுவதற்குக் காரணம் வேறு. அப்பா வாயால் சொன்ன ஊர் அது. விளையாட்டாகச் சொன்னாலும் இரண்டு இடங்களைத்தான் சொன்னார், அதில் ராமேஸ்வரம் இல்லை. தெற்கே ஓடி வரும் காவிரி கிழக்கே திரும்புகிற இடம். அவருடைய கூட்டாளிகள், பங்காளிகள், நடக்க முடியாத கிழவிகள் எல்லோரும் வேனில் வந்து இறங்கக்கூடிய தூரம். ராமேஸ்வரத்துக்கு நான்கு பேர்தான் போவீர்கள். எந்த ஊர் என்று யோசிக்கும்போது, அந்தக் கரையில் யார் யார் நிற்பார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அம்மாவால் போக முடியாத ஊரை நான் முதல் ஊராக வைக்கமாட்டேன்.

பேரூர் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறதே என்று நினைத்தால், போய் ஆற்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நொய்யலில் மழைக்காலத்தில்தான் நல்ல தண்ணீர் வரும், மற்ற நாளில் ஓடுவது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடை. இது எந்த ஆற்றுக்கும் பொருந்தும். காவிரி டெல்டாவில் சித்திரை வைகாசியில் போய்ப் பார்த்தால் கரை முதல் கரை வரை மணல் கிடக்கும். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம்தான், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால்தான். கலயத்தோடு போய் இறங்கி, மணலில் ஊற்று தோண்டி அதில் கொட்டிவிட்டு வந்த குடும்பங்கள் உண்டு. கிளம்புவதற்கு முதல் நாள் கொடுமுடியில் இருக்கும் சொந்தக்காரர் யாருக்காவது போன் போட்டுத் தண்ணீர் எவ்வளவு என்று கேளுங்கள். அமாவாசையும் ஆடிப்பெருக்கும் வேண்டாம், படித்துறையில் நிற்கவே இடம் கிடைக்காது.

பத்து நாள் கணக்கு பற்றி. உங்கள் பக்கத்து வழக்கம் அது என்றால் பெரும்பகுதியை அதற்குள் செய்துவிடுங்கள், பெரியவர்கள் மனம் ஆறும். ஆனால் எல்லாத் தமிழருக்கும் அதே கணக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் 31-ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போவார்கள், அன்றைக்கு அஸ்தியைக் கடலில் கரைப்பவர்களும் உண்டு. காசிக்குக் கொண்டு போவதற்கென்று வருஷத் திதி வரைக்கும் எடுத்து வைக்கும் வீடுகள் நம் பக்கமும் இருக்கின்றன. ஆகவே தம்பியின் பங்கு டிசம்பர் வரை காத்திருப்பதால் எந்த முறையும் கெட்டுப்போகாது. பொருளும் கெட்டுப்போகாது. அதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் கலயத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் பலர் பயப்படுகிறார்கள்.

தகன மேடையில் வெப்பம் 800, 900 டிகிரிக்குப் போகும். தசையும் கொழுப்பும் எலும்புக்குள் இருக்கும் உயிர்ப்பொருளும் எரிந்து ஆவியாகிவிடும். மிஞ்சுவது எலும்பின் தாதுப்பொருள், முக்கியமாகக் கால்சியம் பாஸ்பேட். வளர்ந்த மனிதருக்கு மொத்தம் 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். வெளிநாடுகளில் இதை எந்திரத்தில் போட்டு மாவாக அரைத்துக் கொடுக்கிறார்கள். இங்கே பொதுவாக அரைப்பதில்லை. அதனால் திறந்து பார்த்தால் விரல் நீளத்துக்கு வெள்ளையாகவும் சாம்பல் நிறமாகவும் துண்டுகள் தெரியும், எடுத்தால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி லேசாக இருக்கும், அழுத்தினால் உதிரும். கிருமி கிடையாது, நாற்றம் கிடையாது, தொட்டால் ஒன்றும் ஆகாது. விறகில் எரித்திருந்தால் விறகுச் சாம்பலும் கரித்துண்டும் கலந்து அளவு கூடுதலாக இருக்கும்.

பிரிக்கும் வேலையைத் தோட்டத்திலேயே, நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். ஒரு வாழை இலையில் மெதுவாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு இரண்டு மூன்று எலும்புத் துண்டும் ஒரு பிடிச் சாம்பலும் போதும். புதுச் சின்னக் கலயத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டுங்கள். பால் தெளித்த ஈரம் இருந்தால் நன்றாக உலர விட்டபிறகு கட்டுங்கள், இல்லாவிட்டால் துணியில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குள் கொண்டு வரக்கூடாது என்று சொல்பவர்களோடு வாதாட வேண்டாம். பெரியப்பா சம்மதித்தால் அதே வேப்பமரம், இல்லையென்றால் தோட்டத்து மோட்டார் ரூம். மழையில் நனையாமல், எலி உருட்டாமல் இருந்தால் சரி.

தம்பி அதை ஜெர்மனிக்கே எடுத்துப் போகிறேன் என்று சொல்லக்கூடும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அஸ்திக் கலசத்தைக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்க வேண்டும், வீட்டு அலமாரியில் வைக்கச் சட்டம் விடாது. பிரேமன் மாநிலம் 2015-ல் விதியைத் தளர்த்தியது, அப்படிச் சில மாநிலங்கள் மட்டுமே விதிவிலக்கு. பிரான்ஸில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் வைப்பதும் கூடாது, பங்கிடுவதும் கூடாது. வெளியிடத்தில் தூவினால் இறந்தவர் பிறந்த ஊரின் நகராட்சியில் பதிய வேண்டும். மாறாகக் கனடாவின் ஒன்டாரியோவில் அரசு நிலத்திலும் அரசு நீர்நிலையிலும் தூவத் தடை இல்லை. இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கத்துச் சோர் ஆற்றில் இந்துக்களும் சீக்கியர்களும் படகில் போய்க் கரைக்கிறார்கள். அமெரிக்காவில் கடலில் விடுவதானால் கரையிலிருந்து 3 கடல் மைல் தள்ளிப் போய் விட வேண்டும், 30 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். வெளிநாட்டில் இறந்தவரின் அஸ்தியை ஊருக்குக் கொண்டு வருகிறவர்கள் இறப்புச் சான்று, தகனச் சான்று, இறந்தவரின் பாஸ்போர்ட் ஆகியவற்றோடு முதலில் இந்தியத் தூதரகத்தைப் பார்க்க வேண்டும். கலசம் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும். உலோகமாக இருந்தால் எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பது தெரியாது, விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்.

இனி அம்மா. அம்மா கேட்பதைப் பெரியவர்கள் அபசகுனம் என்று தள்ளிவிடுவார்கள். நீங்களும் தள்ளிவிடாதீர்கள். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவரை ஒரே வாரத்தில் மொத்தமாக ஆற்றில் விடச் சொன்னால் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று யாரும்தான் கேட்பார்கள். ஒரு வெள்ளிச் சிமிழிலோ மரச் சிமிழிலோ ஒரு சிட்டிகை போட்டுக் கொடுங்கள். பூஜை அறை வேண்டாம் என்றால் அம்மாவின் பீரோவில் இருக்கட்டும். நான் சொன்ன நிபந்தனை இதுதான்: வருஷத் திதிக்கு அதையும் கரைத்துவிடுகிறோமா, அம்மா காலம் வரை வைத்திருந்து அம்மாவோடு சேர்த்து விடுகிறோமா என்பதை இப்போதே பேசிவிட வேண்டும். யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ஆள் குறிக்காமல் எடுத்து வைத்த அஸ்தி அப்படியே கிடந்துவிடும். காந்தியின் அஸ்தி 1948 பிப்ரவரியில் நாடெங்கும் கரைக்கப்பட்டது, கன்னியாகுமரியிலும்தான். அங்கே கலசம் வைத்த இடத்தில் இன்று மண்டபம் நிற்கிறது. ஆனால் ஒரு கலசம் ஒடிசாவில் கட்டாக் நகரத்து வங்கிப் பெட்டகத்தில் தங்கிவிட்டது. 1997-ல்தான் கொள்ளுப்பேரன் அதை மீட்டு அலகாபாத்தில் கரைத்தார். சுதந்திரப் போராட்ட வீரர் ஷியாம்ஜி கிருஷ்ண வர்மா கதை இதற்கு நேர்மாறு. சுதந்திரம் கிடைத்தபிறகு என் அஸ்தி இந்தியா போக வேண்டும் என்று சொல்லி, ஜெனீவாவில் அதைப் பாதுகாக்க உயிரோடு இருக்கும்போதே பணம் கட்டி ஏற்பாடு செய்திருந்தார். 1930-ல் இறந்தார், 2003-ல் அஸ்தி குஜராத்துக்கு வந்து சேர்ந்தது. 73 வருஷம் பத்திரமாக இருந்ததற்குக் காரணம் பொறுப்பு யாருக்கு என்று தெளிவாக இருந்ததுதான். நம் ஊர் மயானங்களில் பெயர்ச்சீட்டு அழிந்து வரிசையாகத் தொங்கும் கலயங்களும் ஒரு காலத்தில் யாரோ "அடுத்த மாசம் வந்து எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனவைதான்.

தென்னை. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். விறகுச் சாம்பலைத் தென்னைக்குப் போட்டுப் பழகியவர்கள், இதுவும் உரம்தானே என்று மொத்தமாகக் கொட்டப் பார்ப்பார்கள். எலும்புச் சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் மிக அதிகம். நட்ட கன்றின் குழியில் அப்படியே போட்டால் வேர் கருகும். வளர்ந்த மரத்துக்கு, அடிமரத்தை ஒட்டாமல் வட்டப்பாத்தியில், ஒரு கைப்பிடியை இரண்டு கூடை மண்ணோடும் மக்கிய சாணத்தோடும் கலந்து போட்டு மூடித் தண்ணீர் விட்டால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. தோட்டம் என்றைக்காவது விற்கப்படும் என்ற நிலை இருந்தால் அம்மாவிடம் அதையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிறகு வேறொருவர் வேலி போட்ட இடத்துக்கு வெளியே நின்று மரத்தைப் பார்க்க வேண்டி வரும்.

கொடுமுடியில் நடப்பது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். ஐயரிடமோ பண்டாரத்திடமோ, உங்கள் வழக்கப்படி யாரோ அவரிடம், முதலிலேயே கேளுங்கள்: எள், தர்ப்பை, பச்சரிசி, பால், பூ எல்லாம் சேர்த்தா, தனியா, மொத்தம் எவ்வளவு. துக்கத்தில் நிற்கிறவர்கள் பேரம் பேச மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பேசும் வேலையை மாப்பிள்ளை முறையில் இருக்கும் ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது. படியில் பாசி இருக்கும், வயதானவர்களை மேல் படியிலேயே நிறுத்துங்கள். கலயத்தை உயரத்தில் பிடித்துக் கவிழ்க்காதீர்கள். காற்று எதிரே அடித்தால் எல்லாம் முகத்திலும் சட்டையிலும் வந்து ஒட்டும், அந்த நேரத்தில் யாருக்கும் அதைத் தாங்க முடியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கலயத்தை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, துணியை அவிழ்த்து, வாயைத் தண்ணீருக்குள் சாய்த்தால் போதும். எலும்பு உடனே அமிழ்ந்துவிடும், தூள் சாம்பல் மட்டும் கொஞ்ச தூரம் வெளுப்பாகப் படர்ந்து போகும். கலயத்தைத் தலைக்குப் பின்னால் வீசித் திரும்பிப் பார்க்காமல் வருவது உங்கள் வழக்கம் என்றால், பின்னால் யாரும் குளிக்கவில்லையா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும்.

மண் கலயம் ஆற்றில் போகலாம். துணி, பாலித்தீன் பை, பால் பாக்கெட், கற்பூர டப்பா எதுவும் போகக்கூடாது. உடுத்திய துணியை ஆற்றில் விட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பாபநாசத்தில் தாமிரபரணிக்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாறை இடுக்கெல்லாம் அழுகின வேட்டியும் சேலையும்தான். நனைத்துப் பிழிந்து எடுத்து வந்துவிடுங்கள். துணியை ஆற்றில் விட்டால்தான் ஆச்சு என்று பெரியப்பா பிடிவாதம் பிடித்தால் ஒரு நூலிழையைப் பிய்த்து விட்டுச் சமாதானம் செய்யுங்கள்.

டிசம்பரில் ராமேஸ்வரம் போகும்போது ஒன்று தெரிந்திருங்கள். அக்னி தீர்த்தத்தில் பொதுவாக அலை அதிகம் இருக்காது, கரையோரம் ஆழமும் இல்லை, கூட்டமும் அதிகம். கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய் விட்டால்தான் காலடியிலேயே கிடக்காது. அந்த மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம், புயல் எச்சரிக்கை வந்தால் கடலில் இறங்க விடமாட்டார்கள். தம்பியை ஒரு நாள் கூடுதலாக வைத்து டிக்கெட் போடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாராவது காசி என்று புதிதாக ஆரம்பித்தால், அஞ்சல் துறை 2021 வாக்கில் ஸ்பீட் போஸ்டில் காசி, பிரயாக்ராஜ், ஹரித்துவார், கயாவுக்கு அஸ்தி அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியது, அஞ்சலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை, போக முடியாதவர்களுக்கு அது ஒரு வழி.

அண்ணனிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்பதுதான் உங்களுக்குக் கடினமான பகுதியாக இருக்கும். "ராமேஸ்வரம் வேண்டாம்" என்று தொடங்காதீர்கள். "ராமேஸ்வரத்துக்கு நீயும் தம்பியும் சேர்ந்து போங்க அண்ணா, அவன் சாவுக்கும் வரலை, இதாவது அவனுக்கு இருக்கட்டும்" என்று தொடங்குங்கள். அவர் கேட்டது கிடைக்கிறது, தம்பிக்கும் செய்ய ஒன்று மிஞ்சுகிறது. கொடுமுடி பற்றி அம்மாவே சொல்லட்டும், அப்பா சொன்னதை அவரும் கேட்டிருப்பார். தம்பியிடம் வீடியோ காலில் கொடுமுடியைக் காட்டுகிறோம் என்று சொல்வதற்கு முன், அவருக்கு அது வேண்டுமா என்று கேளுங்கள். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்குத் தூரத்தில் உட்கார்ந்து திரையில் பார்ப்பது இன்னும் வேதனை. இன்றைக்கு ஆறாம் நாள், ஆகவே இன்று இரவுக்குள் அண்ணனிடம் பேசிவிடுங்கள். நாளைக் காலை கலயத்தைப் பிரித்தால் எட்டாம் நாள் காலையில் கொடுமுடியில் இருக்கலாம்.